500 வெள்ளிக்குள் வீட்டில் பாட்டுப் பதிவு: எந்த சவுண்ட் கார்டு வாங்கலாம்?

சிப்புட்காரன்:

வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா தோட்டத்துக் கோயிலில் பஜனை பாடுகிறவர், ஆர்மோனியமும் அவரே வாசிப்பார். தம்பி உறுமி மேளக் குழுவில் இருக்கிறான். நான் கொஞ்சம் கிட்டார் தட்டுவேன். அடுத்த தைப்பூசத்துக்குள் சொந்தமாக ஒரு காவடிப் பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் போடுவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு எடுத்தது அம்மா, செலவு என் தலையில்.

இப்போதைக்குக் கைபேசியில்தான் பதிவு செய்கிறோம். அப்பா தனியாகப் பாடினால் பரவாயில்லை. உறுமி சேர்ந்ததும் அவர் குரல் அமுங்கிப் போகிறது. உறுமி நின்றால் விசிறிச் சத்தம் பெரிதாக எழும்பி வருகிறது.

கணினி பழைய மேசைக் கணினி. ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி, விண்டோஸ் 10. பின்பக்கம் உள்ள இளஞ்சிவப்பு ஓட்டையில் கோயில் மைக்கைச் சொருகிப் பார்த்தேன், இரைச்சல்தான் வந்தது. ஈப்போவில் ஒரு கணினிக் கடையில் கேட்டால், தவுக்கே உள்ளே பொருத்தும் 7.1 கார்டு ஒன்றை எடுத்துக் காட்டி இதுதான் பெஸ்ட் என்கிறார். இணையத்தில் தேடினால் வி8 என்று ஒரு கார்டு, மைக், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது. இன்னொரு பக்கம் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்கிறார்கள், 192 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள், எட்டு சேனல் என்கிறார்கள். தலை சுற்றுகிறது.

கையில் 500 வெள்ளி இருக்கிறது. எதை வாங்குவது?


தைப்பிங் கீபோர்டு:

ஸ்கார்லெட் 2ஐ2 என்ற ஆடியோ இன்டர்ஃபேஸ். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.


பீடோர் ஒலிக்காரன்:

கண்ணைத் திறந்துகொண்டே வாங்கலாம் தம்பி, 500 வெள்ளி சும்மா வரவில்லை.

நான் கல்யாணம், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். பக்கத்தில் கொஞ்சம் ரெக்கார்டிங்கும் செய்கிறேன். தவுக்கே காட்டிய கார்டை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். 7.1 என்பது வெளியே போகிற ஒலிக்கான கணக்கு. படம் பார்க்கும்போதும் விளையாடும்போதும் சத்தத்தை எட்டு ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுக்கும். அவர் பொய் சொல்லவில்லை, அந்த வேலைக்கு அது நல்ல கார்டுதான். உங்கள் வேலை எதிர்த் திசையில் இருக்கிறது. வெளியே உள்ள சத்தம் கணினிக்குள் சுத்தமாகப் போக வேண்டும்.

அதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். கோயில் மைக் போன்ற டைனமிக் மைக்கில் அப்பா பாடினால் அதிலிருந்து கிளம்புவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதை 50 முதல் 60 டெசிபல், அதாவது ஏறக்குறைய முந்நூறு மடங்கிலிருந்து ஆயிரம் மடங்கு வரை பெருக்கிய பிறகுதான் கணினிக்குப் புரிகிற அளவுக்கு வரும். அப்படிப் பெருக்கும்போது பக்கத்தில் எந்த மின் இரைச்சல் இருந்தாலும் அதுவும் சேர்ந்து பெருகும். கணினிப் பெட்டிக்குள் விசிறி, பவர் சப்ளை, கிராஃபிக்ஸ் கார்டு என்று இரைச்சல் போடும் சாமான்கள்தான் நிறைந்திருக்கின்றன. நீங்கள் இளஞ்சிவப்பு ஓட்டையில் கேட்டது அந்தக் கூட்டத்தின் சத்தம். அதனால்தான் பெருக்கும் வேலையைப் பெட்டிக்கு வெளியே தனியாக வைத்து, எண்களாக மாற்றிய பிறகு யுஎஸ்பி வழியே உள்ளே அனுப்புகிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ். நாம் பேச்சு வழக்கில் அதையும் சவுண்ட் கார்டு என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

வி8 வகையறாவில் எக்கோ பொத்தான், கைதட்டல் பொத்தான், சிரிப்புப் பொத்தான் எல்லாம் இருக்கும். பேஸ்புக் நேரலையில் சேலை விற்பவர்களுக்கு ரொம்ப வசதி. அப்பா ‘வேலவா’ என்று இழுக்கும்போது யாராவது சிரிப்புப் பொத்தானை அழுத்திவிட்டால் வீட்டில் சண்டை வரும்.

நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். மூன்று முள் எக்ஸ்எல்ஆர் மைக் நுழைவு இரண்டு இருக்கிறதா, கண்டென்சர் வகை மைக்குக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் பேண்டம் பவர் இருக்கிறதா, கணினியைச் சுற்றி வராமல் ஹெட்போனில் நேரடியாகக் கேட்கும் டைரக்ட் மானிட்டர் இருக்கிறதா, விண்டோஸுக்கு அந்தக் கம்பெனியே எழுதிய, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் மென்பொருள் இருக்கிறதா. கடைசி இரண்டையும் யாரும் கவனிப்பதில்லை, வாங்கிய பிறகு தலையில் கை வைப்பதும் அதனால்தான். ஏன் என்று சொல்கிறேன். கணினி ஒலியைத் துண்டு துண்டாக வாங்கிச் செயல்படுத்தும். ஒலியை ஒரு முறை அளந்தால் அது ஒரு சாம்பிள். ஒரு துண்டு 1024 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், அது 21 மில்லி நொடி. உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை. பாடுகிறவருக்குத் தன் குரல் பின்தங்கிக் கேட்கும், தாளம் தள்ளாடும். அதையே 128 ஆகக் குறைத்தால் 3 மில்லி நொடிகூட ஆகாது. காற்றில் ஒரு மீட்டர் தாண்ட ஒலிக்கு ஆகும் நேரம்தான் அது, யாருக்கும் தெரியாது. ஆனால் பழைய கணினியில் 128 வைத்தால் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும். நல்ல டிரைவர் இருந்தால் சமாளிக்கும். இல்லாவிட்டாலும் டைரக்ட் மானிட்டர் கைகொடுக்கும். அப்பா தன் குரலைப் பெட்டியிலிருந்தே கேட்பார், கணினி தன் வேகத்தில் மெதுவாகப் பதிந்துகொள்ளட்டும். ஐ5 நான்காம் தலைமுறைக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

192 கிலோஹெர்ட்ஸை மறந்துவிடுங்கள். மனிதக் காது எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதுவும் சின்ன வயதில். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். சிடிக்கு 44.1 என்று வைத்ததும் அந்தக் கணக்கில்தான். வீடியோவுக்கு 48 வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாம்பிளையும் 24 பிட் நுணுக்கத்தில் பதிந்தால் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 9 எம்பிகூட ஆகாது. 192 என்றால் நாலு மடங்கு இடம், நாலு மடங்கு பாரம், கேட்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. 24 பிட் மட்டும் கட்டாயம். உறுமிக்கு அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன், இப்போது ஸ்பீக்கர் ஏற்ற லாரி வந்துவிட்டது.

பெயர் வேண்டும் என்றால், உங்கள் பணத்துக்கு பெரிங்கர் யுஎம்சி 202 எச்டியைப் பாருங்கள். மைக் நுழைவு இரண்டு, 48 வோல்ட், சொந்த டிரைவர் எல்லாம் உண்டு. அதே கம்பெனியின் யுஎம்2 இன்னும் மலிவு, ஆனால் அதில் மைக் ஒன்றுதான், 16 பிட்தான், விண்டோஸில் ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவரைப் போட்டுச் சமாளிக்க வேண்டும். தைப்பிங்காரர் சொன்ன 2ஐ2 நல்ல பெட்டிதான், புதிதாக வாங்கினால் 500-ஐத் தாண்டிவிடும். பெயரைப் பார்த்து ஸ்கார்லெட் சோலோவை வாங்கிவிடாதீர்கள். அதில் மைக் ஒன்று, கிட்டார் ஒன்று. அப்பாவின் குரலையும் ஆர்மோனியத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு மைக்கில் எடுக்க முடியாது.


ஜொகூர் பழசு:

உள்ளே பொருத்தும் கார்டை இவ்வளவு மட்டம் தட்ட வேண்டாம். ஒரு காலத்தில் வீட்டு ஸ்டூடியோ என்றாலே பிசிஐ கார்டுதான். எம்-ஆடியோ ஆடியோஃபைல் 2496 வைத்திருந்தவர்கள் அதை லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சவுண்ட் பிளாஸ்டர் கார்டை உலகத்துக்கே கொடுத்தது பக்கத்துச் சிங்கப்பூர்தான். 1981-இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் கம்பெனி, 1989-இல் முதல் சவுண்ட் பிளாஸ்டர். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்ற பெருமையில் நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.


பீடோர் ஒலிக்காரன்:

ஆடியோஃபைலை நானும் மதிக்கிறேன் ஐயா. ஆனால் அதிலும் மைக் நுழைவு கிடையாது, ஏற்கெனவே பெருக்கிய ஒலிக்கான லைன் நுழைவுதான். வெளியே ஒரு மிக்ஸரோ ப்ரீஆம்ப்போ வைத்துத்தான் வேலை வாங்கினோம். அதோடு இன்றைய போர்டுகளில் பழைய பிசிஐ ஓட்டையையே தேட வேண்டியிருக்கிறது. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் விளையாட்டுக்கு அருமை. உள்ளே எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வேலை செய்யும், 44.1-இல் பாட்டுப் பதிவு செய்தவர்களுக்கு அது ஒரு தலைவலி. தம்பிக்கு இந்தச் சரித்திரம் எல்லாம் வேண்டாம், பயமுறுத்திவிடாதீர்கள்.


சிப்புட்காரன்:

ரொம்ப நன்றி அண்ணே. மூன்று சந்தேகம்.

மைக் கோயிலில் இருந்து இரவல். எஸ்எம்58 போலவே இருக்கும், கம்பி வலை உருண்டை. அதன் கேபிள் முனையில் ஆம்ப்ளிபயரில் சொருகுகிற தடித்த ஜாக் இருக்கிறது. நீங்கள் சொன்ன பெட்டியில் அந்த ஓட்டையும் இருக்கிறதே, அப்படியே சொருகலாமா?

உறுமிக் குழுவில் உறுமியும் பம்பையும் சேர்த்து ஏழெட்டுப் பேர். இரண்டு மைக்கில் எப்படி? எட்டு சேனல் பெட்டி வாங்கக் கடன் வாங்கலாமா என்று தம்பி கேட்கிறான்.

ஆர்மோனியத்தோடு கீபோர்டு சேர்த்தால் சுருதி சேரவே மாட்டேன் என்கிறது. அது கார்டு பிரச்சினையா?


பீடோர் ஒலிக்காரன்:

கடன் வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

கேபிள் கேள்வி நல்ல கேள்வி. ஓட்டை ஒன்றுதான், ஆனால் உள்ளே பாதை இரண்டு. எக்ஸ்எல்ஆர் மூன்று முள் சொருகினால் மைக் பாதை, முழுப் பெருக்கமும் கிடைக்கும். நடுவில் உள்ள தடித்த ஜாக்கில் சொருகினால் லைன் அல்லது கிட்டார் பாதை. மைக்கின் சன்னமான சத்தத்துக்கு அங்கே போதிய பெருக்கம் இல்லை, 48 வோல்ட்டும் அந்த வழியே வராது. குமிழை முழுவதும் திருகியும் குரல் எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஜாக்கில்தான் சொருகியிருப்பார்கள். கோயில் கேபிளைக் கோயிலுக்கே விட்டுவிட்டு, இரு முனையும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிளை வாங்குங்கள். 3 மீட்டர் போதும். எஸ்எம்58 வகை மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை, தவறி அழுத்தினாலும் சரியான கேபிளில் ஒன்றும் ஆகாது.

இப்போது உறுமி. இதை எட்டு மைக்கில் பிரித்துப் பதிவு செய்தவர்களை எனக்குத் தெரியும், பிறகு அதை ஒன்றாகச் சேர்க்க முடியாமல் அவர்கள் பட்ட பாடும் தெரியும். ஒவ்வொரு மைக்கிலும் பக்கத்து ஆளின் அடியும் கொஞ்சம் தாமதமாக விழும். எல்லாவற்றையும் கூட்டினால் சத்தம் மெலிந்து, தகரம் தட்டுவது போல் ஆகிவிடும். உறுமி மேளம் தனித்தனியாக வாசிக்கிற சமாச்சாரமே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தலையாட்டி ஏற்றி இறக்குவது. அந்த மொத்தச் சத்தத்தைத்தான் பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம். கோயில் முன்னால் நான்கு பக்கமும் திறந்த கொட்டகை இருந்தால் அங்கே, இல்லையென்றால் மரத்தடியில். குழுவை அரை வட்டமாக நிறுத்துங்கள். இரண்டு மைக்கையும் நடுவில், மார்பு உயரத்தில், முன் வரிசையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு நிமிடம் பதிந்து கேளுங்கள். பம்பை மட்டும் காதைக் கிழித்தால் குமிழைத் தொடாதீர்கள், பம்பைக்காரரை இரண்டடி பின்னால் போகச் சொல்லுங்கள். உறுமியின் இழுப்பு கேட்கவில்லையா, குச்சியால் தேய்க்கிற பக்கம் மைக்கைப் பார்க்கும்படி அவரைத் திருப்பி நிறுத்துங்கள். அடிக்கிற பக்கம் எப்படியும் கேட்கும், அந்தத் தேய்ப்புத்தான் உறுமிக்கு உயிர். மிக்ஸிங்கில் பாதி இப்படி ஆளை நகர்த்துவதிலேயே முடிந்துவிடும்.

24 பிட் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் உதவும். குழு உச்சத்தில் அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், சிவப்பு விளக்கு ஒரு முறைகூட எரியக் கூடாது. ஒத்திகையில் எல்லாரும் அடக்கி வாசிப்பார்கள், உண்மையில் அடிக்கும்போது அருள் வந்துவிடும். அதற்கு இடம் விட்டு வையுங்கள். 24 பிட்டில் தாழ்வாகப் பதிந்து பிறகு ஏற்றினாலும் இரைச்சல் தொந்தரவாகத் தெரியாது. உச்சத்தில் வெட்டுப்பட்டது மட்டும் திரும்ப வராது. உங்கள் கைபேசி செய்தது வேறு குறும்பு. சத்தம் கூடினால் தானே குறைத்து, குறைந்தால் தானே ஏற்றும். அதனால்தான் உறுமியில் குரல் அமுங்கி, பிறகு விசிறி எழும்பியது. பெட்டியில் குமிழை வைத்த இடத்தில் அது நிற்கும்.

அப்பாவை வேறொரு நாள் பதிவு செய்யுங்கள். மேளத்தை ஹெட்போனில் கேட்டபடி பாடட்டும். ஹெட்போன் காதை முழுவதும் மூடுகிற வயர் ஹெட்போனாக இருக்கட்டும். புளூடூத் கூடவே கூடாது, அதன் தாமதத்தில் எந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாது.

சுருதிக்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை. கீபோர்டு பெட்டியிலிருந்து வரும்போதே 440 ஹெர்ட்ஸ் கணக்கில் வரும். ஆர்மோனியத்தின் உலோக நாக்குகள் வயதாக ஆகக் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஆர்மோனியத்தைத் திருத்தப் போகாதீர்கள். கைபேசியில் ஒரு டியூனர் போட்டு அது எத்தனை சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தள்ளி நிற்கிறது என்று பாருங்கள், கீபோர்டின் மாஸ்டர் டியூனிங்கை அதே அளவுக்கு நகர்த்துங்கள். உங்கள் கிட்டாரையும் ஆர்மோனியத்துக்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தது அதுதானே. மைக்கை அதன் துருத்திக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், மூச்சு வாங்குகிற சத்தம்தான் வரும்.

பணத்தைப் பிரிப்பது பற்றி ஒன்று. முழு 500-ஐயும் பெட்டியில் போட்டுவிட்டால் கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும் கை நீட்ட வேண்டி வரும். பெட்டியைப் பழசாக வாங்கினாலும் தப்பில்லை. பழைய பொருள் விற்கும் மூடா, கரோசல் தளங்களில் 2ஐ2 மூன்றாம் தலைமுறை அடிக்கடி வரும். விற்கிறவர் வீட்டிலேயே இரண்டு நுழைவிலும் மைக்கைப் போட்டுப் பேசிப் பாருங்கள், குமிழைத் திருகும்போது கரகரவென்று கேட்டால் வந்துவிடுங்கள். யுஎஸ்பிக்குப் பதில் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு எழுதியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.


கோல சிலாங்கூர் அக்கா:

தம்பி, நான் வீட்டில் பாடிப் பதிவு செய்கிறேன், எங்கள் வீடும் தகரக் கூரைதான். இவர்கள் எல்லாரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். மழை பெய்தால் எந்தப் பெட்டியாலும் ஒன்றும் செய்ய முடியாது. நம் ஊரில் மதியத்துக்கு மேல்தான் இடி மழை கூடும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், யுஎஸ்பியையும் கழற்றுங்கள், இணைய மோடத்தையும் சேர்த்து. மின்னலுக்கு சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இன்னொன்று. 48 வோல்ட் இருக்கிறதே என்று கண்டென்சர் மைக் வாங்கத் தோன்றும். ஏடி2020 நல்ல மைக்தான், நானும் அதில்தான் பாடுகிறேன். ஆனால் அது பக்கத்து வீட்டுச் சேவலையும், செம்பனைக் குலை ஏற்றிப் போகிற லாரியையும் சேர்த்துப் பிடிக்கும். துணி அலமாரியைத் திறந்து வைத்து, பின்னால் மெத்தையை நிறுத்தினால்தான் எனக்கு ஒரு வழியாகிறது. அப்பா மேடையில் பாடிப் பழகியவர் என்றால் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துப் பாடத் தெரிந்திருக்கும். அவருக்குக் கோயில் மைக்கே பொருந்தும். எதற்குப் புதுச் செலவு?


பீடோர் ஒலிக்காரன்:

அக்கா சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், குரலுக்கு மட்டும். கொட்டகையில் உறுமியைத் தூரத்திலிருந்து எடுக்கக் கண்டென்சர் ஒரு ஜோடி இருந்தால் நன்றாக இருக்கும். அதை வாங்க வேண்டாம், ஒரு நாள் இரவல் வாங்குங்கள். சேவல் சத்தத்தை உறுமி பார்த்துக்கொள்ளும்.


சிப்புட்காரன்:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. 202 எச்டி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். மீதிப் பணத்தில் எக்ஸ்எல்ஆர் கேபிள் இரண்டு, ஸ்டாண்டு ஒன்று, ஹெட்போன். தம்பிக்கு எட்டு சேனல் இல்லை என்று முகம் தொங்கிவிட்டது, பரவாயில்லை. எந்த மென்பொருள் போடுவது? விண்டோஸ் 10-இலேயே ஓடுமா?


பீடோர் ஒலிக்காரன்:

ரீப்பர் போடுங்கள். 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பழைய கணினியில் லேசாக ஓடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபரோடு ஆதரவை நிறுத்திவிட்டது, உங்கள் ஐ5 விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. அதற்காகக் கணினியை மாற்ற வேண்டாம். டிரைவரை பெரிங்கர் தளத்திலிருந்தே இறக்கிப் பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவிய பிறகு பெட்டியைச் சொருகுங்கள், ரீப்பரின் ஆடியோ அமைப்பில் ஏசியோவைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் அறிவிப்புச் சத்தங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள், பெட்டியில் டைரக்ட் மானிட்டரைப் போடுங்கள். ரீப்பரிலும் மானிட்டரிங் இயங்கிக்கொண்டிருந்தால் அப்பாவுக்குக் குரல் இரண்டாகக் கேட்கும், அங்கே அணைத்துவிடுங்கள். ஏதாவது மக்கர் செய்தால் இங்கேயே எழுதுங்கள், சனி ஞாயிறு மட்டும் எனக்குக் கல்யாண வேலை இருக்கும்.